பிடிமண் வாங்காமல் சுவரில் கை வைக்காதீர்கள்: தெரு மக்களோடு சேர்ந்து ஓவியம் செய்ய நினைக்கும் இளைஞர்களுக்கு

கவின்கலைக் கல்லூரியில் படிக்கிற, அல்லது படித்து முடித்துவிட்டு அடுத்து என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிற தம்பி தங்கைகள் அடிக்கடி என்னிடம் கேட்பது இது: "அண்ணா, எங்க ஏரியாவுல நல்ல சுவர் ஒண்ணு இருக்கு, மக்களைச் சேர்த்துக்கிட்டு வரையணும், எங்கேருந்து ஆரம்பிக்கிறது?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போனில் சொன்னதையெல்லாம் இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

முதல் விஷயம், சுவரிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் அய்யனார் கோவில்களில் புரவி எடுப்பு நடக்கும், பார்த்திருக்கிறீர்களா? ஊர்க்காரர்கள் கூடிப் பேசி முடிவெடுத்து ஒரு பிடி மண்ணை எடுத்து, மண்சிலை செய்யும் குயவரான வேளார் கையில் கொடுப்பார்கள். பிடிமண் கொடுத்தல் என்று அதற்குப் பெயர். அது கைக்கு வந்த பிறகுதான் வேளார் குதிரை செய்ய உட்காருவார். செய்து முடித்த மண் குதிரைகளை ஊரே சேர்ந்து சுமந்துகொண்டு கோவிலுக்குப் போகும். மண் பிசைவது, கழுத்தை எப்படி நிமிர்த்துவது, எப்படிச் சூளை வைப்பது எல்லாம் வேளாரின் கைத்திறன், அதில் யாரும் தலையிடுவதில்லை. ஆனால் எப்போது செய்வது, எத்தனை செய்வது, யார் நேர்த்திக்கடனுக்காகச் செய்வது என்பது ஊரின் முடிவு. பங்கேற்புக் கலை, சமூகக் கலை என்றெல்லாம் இன்று பேசுகிறோமே, எனக்கு அது முழுவதும் அந்த ஒரு பிடி மண்ணுக்குள் இருக்கிறது. நீங்கள் ஒரு தெருவுக்குள் போகும்போது உங்களுக்குப் பிடிமண் கொடுத்தது யார் என்று கேட்டுப் பாருங்கள். யாருமில்லை என்றால் வேலை இன்னும் தொடங்கவில்லை என்று பொருள்.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் முதல் சுவர் ஒரு மீனவக் குப்பத்தில். நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து நான்கு நாளில் முடித்தோம்: தலையில் மூங்கில் கூடையோடு ஒரு பெண், பின்னால் கட்டுமரம், உதிக்கும் சூரியன். கோடு நன்றாக விழுந்திருந்தது, நிறமும் நன்றாக இருந்தது. கடைசி நாள் மாலை மீன் விற்றுவிட்டுத் திரும்பிய ஒரு அம்மா நின்று பார்த்துவிட்டு, "யாருப்பா இது? நாங்க மூங்கில் கூடை தூக்கி எவ்ளோ வருஷம் ஆச்சு, இப்பல்லாம் அலுமினிய அன்னக்கூடைதான். அதைத் தூக்கிட்டுப் போனா நாறுதுன்னு பஸ்ல ஏத்த மாட்டேங்கிறான், அதைப் போடேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களிடம் அப்போது பெயிண்டும் இல்லை, நேரமும் இல்லை. ஆறு மாதம் கழித்துப் போனபோது அந்தப் பெண்ணின் முகத்தின் மேல் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தது, கட்டுமரத்தின் மேல் கரியால் மூன்று ஸ்டம்ப். தங்கள் சுவர் என்று யாருக்கும் தோன்றவில்லை, தோன்றும்படி நாங்கள் எதுவும் செய்திருக்கவும் இல்லை.

சரி, அப்படியானால் என்ன செய்வது.

போய் உட்காருங்கள்

குறைந்தது மூன்று வாரம், பிரஷ் எடுக்காமல், அந்தத் தெருவில் போய் இருங்கள். தினமும் போக முடியாவிட்டாலும் வாரத்துக்கு மூன்று நாள், வெவ்வேறு நேரங்களில். காலை ஏழு மணித் தெருவும் மதியம் இரண்டு மணித் தெருவும் ஒன்றல்ல. தண்ணீர் லாரி வரும் நேரம், ரேஷன் கடை வரிசை, டீக்கடை பெஞ்ச், பிள்ளைகள் டியூஷன் முடிந்து வரும் நேரம், கோவில் வாசல், பள்ளிவாசல் வாசல், இப்படி மாற்றி மாற்றி. கையில் சின்ன ஸ்கெட்ச் புக் இருக்கட்டும். கேமரா முதல் வாரம் வேண்டாம். வரைந்துகொண்டிருந்தால் யாராவது பக்கத்தில் வந்து எட்டிப் பார்ப்பார்கள், பேச்சு அங்கே தொடங்கும். போன் கேமராவை நீட்டினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

"என்ன வரையலாம்?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எல்லாத் தெருவிலும் ஒரே பதில்தான் வரும்: மரம் வளர்ப்போம், பெண் குழந்தை, மயில். மரத்திலோ மயிலிலோ தவறு இல்லை, ஆனால் அது கேட்டவருக்குப் பிடிக்கும் என்று நினைத்துச் சொல்லப்படும் பதில். வேறு மாதிரி கேளுங்கள். இந்தத் தெருவில் முதலில் வந்த வீடு எது, வெள்ளம் வந்தபோது தண்ணீர் எதுவரை நின்றது, இங்கே இருந்து இப்போது இல்லாமல் போனது எது, பிள்ளைகளுக்கு ராத்திரி பயமான மூலை எது. ஒருமுறை ஒரு தெருவில் வெள்ளத் தண்ணீர் நின்ற உயரத்தைக் கேட்டபோது பத்துப் பேர் தங்கள் உடம்பிலேயே கை வைத்துக் காட்டினார்கள், ஒருவர் இடுப்பில், ஒருவர் நெஞ்சில், ஒரு சின்னப் பையன் தலைக்கு மேலே. அந்தப் பத்துக் கைகளே பிறகு அந்தச் சுவரில் ஓவியமாயின.

இந்த உட்கார்ந்து பார்ப்பது எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு நவ்ஜோத் அல்தாஃப் நல்ல உதாரணம். மும்பைக் கலைஞரான அவர் 1990களின் பிற்பகுதியில் இன்றைய சத்தீஸ்கர் மாநிலத்தின் பஸ்தர் வட்டாரத்துக் கொண்டகாவுக்குப் போய் ராஜ்குமார், சாந்திபாய், கேசுராம் ஆகிய உள்ளூர்க் கலைஞர்களோடு சேர்ந்து வேலை செய்யத் தொடங்கினார். அங்கே அவர்கள் செய்த முக்கியமான வேலை கைப்பம்புகளைச் சுற்றி அமைத்த இடங்கள், 'நல்பார்' என்று சொல்வார்கள். பெண்கள் நிறைந்த குடத்தைக் கீழிருந்து தூக்கித் தலைக்கு ஏற்றும்போது உடம்பு எங்கே வளைகிறது, குடத்தை நடுவில் எங்கே வைத்து மூச்சு வாங்குவார்கள் என்பதைக் கவனித்து, அதற்கு ஏற்ற மேடைகளோடு அந்தச் சுவர்களை வடிவமைத்தார்கள். சிற்பம் என்றும் சொல்லலாம், குழாயடி என்றும் சொல்லலாம். எனக்கு அதில் மிகவும் பிடித்தது, அந்த வடிவத்தை ஒரு குடத்தின் கனம் தீர்மானித்தது என்பதுதான்.

அனுமதி

சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், ஆனால் விட்டுவிடாதீர்கள். தனியார் சுவர் என்றால் உரிமையாளரிடம் கையெழுத்திட்ட கடிதம் வாங்குங்கள், வாய்வார்த்தை போதாது. வீட்டில் அப்பா சரி என்பார், வெளியூரிலிருந்து வரும் மகன் வேண்டாம் என்பார். அரசுச் சுவர் என்றால் மாநகராட்சி வார்டு அலுவலகத்திலோ ஊராட்சியிலோ எழுத்தில் கேளுங்கள். பொது இடங்களை உருக்குலைப்பதைத் தடுக்க தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது, அதனால் நல்ல எண்ணத்தோடு செய்கிறோம் என்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது. அப்புறம் சுவரின் மூலைகளைப் பாருங்கள். ஏதாவது கட்சியின் பெயரும் ஆண்டும் சின்னதாக எழுதியிருந்தால் அது பிடித்துவைக்கப்பட்ட சுவர். அந்தப் பகுதிக் கட்சிக்காரரிடம் நேரில் பேசாமல் அதன் மேல் வெள்ளை அடிக்காதீர்கள். பெரும்பாலும் கேட்டால் விட்டுக்கொடுப்பார்கள். கேட்காமல் அடித்தால்தான் சண்டை.

யார் பேசுகிறார்கள், யார் வாசலில் நிற்கிறார்கள்

இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள், மற்ற எல்லாம் தவறினாலும் சரிசெய்துகொள்ளலாம், இது தவறினால் முடியாது. "மக்களைக் கூட்டினோம், முடிவெடுத்தோம்" என்று எழுதுவது சுலபம். கூட்டத்துக்கு யார் வருகிறார்கள்? சங்கத் தலைவர், பூசாரி, ஓய்வுபெற்ற வாத்தியார், நான்கு இளைஞர்கள். பெண்கள் தூரத்தில் நிற்பார்கள். வாடகைக்கு இருப்பவர்கள் வரமாட்டார்கள். வடமாநிலத் தொழிலாளர்கள் அதே தெருவில் பத்துப் பேர் ஒரு அறையில் இருப்பார்கள், அவர்களை யாரும் கூப்பிட்டிருக்கமாட்டார்கள். கிராமம் என்றால் கேட்கவே வேண்டாம், ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். கோவில் மண்டபத்தில் கூட்டம் போட்டுவிட்டு எல்லாரும் வந்தார்கள் என்று சொன்னால் அது பொய். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே யாரைச் சேர்க்கிறோம், யாரை வெளியே நிறுத்துகிறோம் என்பது முடிவாகிவிடுகிறது. அதனால் ஒரே கூட்டம் வேண்டாம். நான்கைந்து சின்னச் சின்ன உட்காரல்கள், ஒவ்வொரு கூட்டத்தாரும் சங்கடமில்லாமல் வந்து உட்காரும் இடத்தில்.

அங்கே என்ன செய்வது என்றால், பிரவுன் பேப்பர் சுருளை விரித்துப் போட்டு கரித்துண்டும் கிரேயானும் கொடுங்கள். எனக்கு வரையத் தெரியாது என்று எல்லாரும் சொல்வார்கள். பெண்களிடம் அப்படியென்றால் கோலம் போடச் சொல்லுங்கள். இருபத்தோரு புள்ளி வைத்து ஒரே இழையில் சிக்குக் கோலம் முடிக்கிற அக்காவின் கை நடுக்கமில்லாமல் போகும் வேகத்தைப் பார்த்தால் கல்லூரியில் நான்கு வருடம் கோடு பழகிய நமக்கு மூச்சு நிற்கும். வயதானவர்களிடம் ஒரு பொருளை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள். பித்தளைச் செம்பு, பழைய ரேஷன் அட்டை, மில் அடையாள அட்டை, எதுவாக இருந்தாலும் அதோடு ஒரு கதை வரும். கதையை அவர் சொல்லும் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

இத்தனையும் வைத்து முடிவெடுப்பது எப்படி? கை தூக்கி ஓட்டுப் போடும் முறையை நான் நிறுத்திவிட்டேன், எண்ணிக்கை அதிகமுள்ளவர்கள் ஒவ்வொரு முறையும் ஜெயிப்பார்கள். இப்போது ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு 'கட்டாயம் வேண்டும்', ஒரு 'கண்டிப்பாக வேண்டாம்' என்று கேட்கிறேன். நான்கு குழு என்றால் நான்கு கட்டாயங்கள் சுவரில் இருந்தே ஆகவேண்டும், நான்கு வேண்டாம்கள் இருக்கவே கூடாது. மிச்சத்தைக் கோத்துப் படமாக்குவது உங்கள் வேலை, உங்கள் கலை அங்கேதான் சோதிக்கப்படுகிறது. இன்னொரு விதியை முதல் நாளே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள்: தலைவர்கள் முகம், சாமி முகம், உயிரோடிருக்கும் யாருடைய உருவமும் கிடையாது. நீங்கள் வேலை முடித்துப் போன பிறகு அந்த முகத்தின் மேல் யாராவது சாணி அடித்தால் அடிபடுவது தெருதான்.

முன்பு சொன்ன குப்பத்துக்கு இரண்டு வருடம் கழித்துத் திரும்பப் போனோம். இந்தமுறை மீன் விற்கும் பெண்கள் குழுவின் 'கட்டாயம் வேண்டும்' என்ன தெரியுமா, பஸ். அன்னக்கூடைகள் வரிசையாக ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து போகிற ஒரு பஸ். எனக்கு ஆயுசு முழுக்க உட்கார்ந்து யோசித்தாலும் அந்தப் படம் வந்திருக்காது.

பல கைகள் வரையும்படி படத்தைப் பிரிப்பது

ஸ்கெட்ச் ஆனதும் அதை மறுபடி எல்லாக் குழுக்களுக்கும் காட்டித் திருத்துங்கள், இரண்டு சுற்றாவது. பிறகு கட்டம் போட்டுச் சுவருக்கு மாற்றுங்கள். ஸ்கெட்சில் ஒரு அங்குலம் சுவரில் ஒரு அடி என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. நூலில் சாக்பீஸ் தூள் தடவி இருவர் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் நேர்கோடு விழும், இதைக் கொத்தனார் யாராவது அழகாகச் செய்துகாட்டுவார். கட்டத்துக்குள் ஒவ்வொரு நிறப் பகுதிக்கும் ஒரு எண், அதே எண் பெயிண்ட் டப்பா மீதும். இப்படிச் செய்தால் ஆறு வயதுப் பிள்ளையும் அறுபது வயது ஆயாவும் தப்பில்லாமல் நிரப்பலாம். உயரத்தை வைத்தும் பிரியுங்கள்: மூன்றடி வரை பிள்ளைகள், ஆறடி வரை பெரியவர்கள், அதற்கு மேல் சாரத்தில் ஏறப் பழகியவர்கள் மட்டும். சாரத்தில் பிள்ளைகளை ஏற்றவே ஏற்றாதீர்கள், போட்டோ எடுக்கக்கூட வேண்டாம்.

எண் போட்டு நிரப்பச் சொல்வது மட்டுமே பங்கேற்பு ஆகாது, அது கூலியில்லாத வேலையாகிவிடும். அதனால் சுவரில் ஒரு பகுதியை, நான்கில் ஒரு பங்காவது, மக்களே நேரடியாக வரைவதற்கு விடுங்கள். கோலக் கோட்டை நான் தொடுவதே இல்லை, அந்த அக்காக்களே பிரஷால் போடுவார்கள். பக்கத்தில் பழைய போர்டு ஆர்ட்டிஸ்ட் யாராவது இருந்தால் கண்டிப்பாகக் கூப்பிடுங்கள். பிளக்ஸ் வந்த பிறகு வேலை போன எத்தனையோ பேர் நம் ஊர்களில் வாட்ச்மேனாகவும் ஆட்டோ ஓட்டியும் இருக்கிறார்கள். அவர்கள் பிரஷை ஒரே இழுப்பில் 'ழ' எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதே உங்களுக்கு ஒரு செமஸ்டர் படிப்பு. அவருக்குச் சம்பளம் கொடுங்கள், பெயரையும் போடுங்கள்.

சுவருக்கு வர முடியாதவர்களும் இருப்பார்கள், படுக்கையில் இருப்பவர்கள், கைக்குழந்தைக்காரிகள். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில், 1984இல் தொடங்கி, ஜேன் கோல்டன் தலைமையில் பின்னாளில் மியூரல் ஆர்ட்ஸ் என்று வளர்ந்த சுவரோவிய அமைப்பு இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. பாராசூட் துணி என்று அவர்கள் சொல்லும் மெல்லிய துணியில் படத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்து, பள்ளியிலும் சிறையிலும்கூட வரையவைத்து, பிறகு எல்லாவற்றையும் சுவரில் ஒட்டிவிடுகிறார்கள். நம்மூரில் அந்தத் துணிக்கு அலைய வேண்டாம், வாட்டர்புரூஃப் பிளைவுட் துண்டுகளில் வீட்டிலேயே வரையச் சொல்லி சுவரில் திருகி வைத்துவிடலாம்.

சுவரும் பெயிண்டும்

புதிதாகப் பூசிய சுவர் என்றால் 28 நாள் ஆறவிடுங்கள். பழைய சுவர் என்றால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பொரிந்த சுண்ணாம்பைச் சுரண்டி, தண்ணீர் விட்டுக் கழுவி, காயவைத்து, பிறகு அடிப்பூச்சாக எக்ஸ்டீரியர் பிரைமர். சுவரில் கீழ் இரண்டு அடி ஓதம் ஏறும், எந்தப் பெயிண்டும் அங்கே நிற்காது. ஆகையால் அங்கே முகமோ கையோ வரும்படி வைக்காமல் அடர்நிறப் பட்டை ஒன்று அடித்துவிடுங்கள், பொரிந்தால் யார் வேண்டுமானாலும் திரும்ப அடிக்கலாம். எக்ஸ்டீரியர் எமல்ஷன் ஒரு லிட்டர் இரண்டு கோட்டுக்கு ஏறக்குறைய 50 சதுர அடி வரும். 30 அடி நீளம் 10 அடி உயரச் சுவருக்கு ஆறு லிட்டர், பழகாத கைகள் சிந்துவதற்கு இன்னும் ஒன்றரை. இளநிறங்களை வெள்ளையில் ஸ்டெய்னர் என்னும் நிறக்கலவை கலந்து நீங்களே செய்யலாம். அடர்நிறங்களைக் கடையில் மெஷினில் கலந்து வாங்குங்கள், ஷேட் எண்ணைக் குறித்துவையுங்கள். பளிச் சிவப்பும் பளிச் மஞ்சளும் நம் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும், காவியும் மஞ்சள் காவியும் நிற்கும்.

தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம், மழை. பொங்கல் முடிந்ததிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். காலை ஆறரை முதல் பத்து, மாலை நான்கு முதல் வெளிச்சம் இருக்கும்வரை. வெயிலில் காய்ந்த சுவரில் பெயிண்ட் பிரஷிலேயே இறுகிவிடும். வீட்டு வேலை முடித்து வரும் பெண்களுக்குப் பதினொரு மணிதான் தோதாக இருக்கும் என்றால் பந்தல் துணி கட்டிக் கொடுங்கள்.

பணமும் பெயரும்

கையில் எவ்வளவு இருக்கிறது, யார் கொடுத்தார்கள், எதற்குச் செலவாகிறது என்பதை ஒரு அட்டையில் எழுதி டீக்கடையில் ஒட்டுங்கள். நிறுவனம் ஏதாவது பணம் கொடுத்து லோகோ போடச் சொன்னால், அன்றைக்கு வந்து வேலை செய்யும் பெரியவர்கள் எல்லாருக்கும் கூலி உண்டா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால் நான் அந்த வேலையை எடுப்பதில்லை. உங்களுக்கும் சம்பளம் வேண்டும், கூச்சப்படாதீர்கள், மூன்று வாரம் உட்கார்ந்து கேட்டதும் உழைப்புதான். சுவரின் மூலையில் உங்கள் பெயரை எழுதும் அதே அளவு எழுத்தில் வரைந்த எல்லாருடைய பெயரும் வரவேண்டும். பிள்ளைகளின் போட்டோவைப் பெற்றோரைக் கேட்காமல் இணையத்தில் போடாதீர்கள்.

இதனால் உங்களுக்கு என்ன

நேர்மையான கேள்வி, கேட்கலாம். லாஸ் ஏஞ்சலஸில் ஓவியர் ஜூடி பாக்கா 1976இல் தொடங்கிய கிரேட் வால் என்ற சுவரோவியம், வெள்ளநீர்க் கால்வாயின் கான்கிரீட் சுவரில் ஏறக்குறைய அரை மைல் நீளத்துக்கு ஓடுகிறது. 400க்கும் மேற்பட்ட இளைஞர்கள் பல கோடைகாலங்களில் அதில் வேலை செய்தார்கள், அவர்களில் பலர் போலீஸ் வழக்குகளில் சிக்கிய பிள்ளைகள். அவ்வளவு பெரிய வேலையை இளம் கைகளை வைத்துக்கொண்டே செய்திருக்கிறார். பெங்களூரில் 2016இல் பூர்ணிமா சுகுமார் தொடங்கிய அரவாணி ஆர்ட் புராஜெக்ட்டில் திருநங்கையர் சேர்ந்து பெரிய பெரிய சுவர்களை வரைகிறார்கள். கல்லூரி வாசலே மிதிக்காதவர்களுக்கும் அங்கே அது தொழிலாகியிருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் கண்ணகி நகருக்குப் போய்ப் பாருங்கள். நகரத்தின் பல பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களைக் குடியமர்த்திய அந்த இடத்தில் 2020இல் ஸ்டார்ட் இந்தியா (St+art India) என்ற தெருக்கலை அமைப்பு கலைஞர்களைக் கூட்டி அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் வரையவைத்தது. ஓவியத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். அதன் கீழ் வீட்டில் இருப்பவரிடம் போய், உங்களைக் கேட்டார்களா, இப்போது இது உங்களுக்கு என்னவாக இருக்கிறது என்று கேளுங்கள். வீட்டுக்கு வீடு வேறு பதில் கிடைக்கும், எல்லாவற்றையும் எழுதிவையுங்கள்.

என் கணக்கில், கோடு போடும் கைக்கு ஏழெட்டு வருடம் ஸ்டுடியோவில் கிடைக்காதது தெருவில் மூன்று மாதத்தில் கிடைத்தது. ஸ்டுடியோவில் உங்கள் படத்துக்கு எதிர்ச்சொல் சொல்பவர் ஆசிரியர் ஒருவர்தான், அவரும் நம்மைப் போலவே படம் படித்தவர். தெருவில், வலை இழுக்கிறவர் வந்து "வலை இழுக்கும்போது கால் இப்படி நிற்காது தம்பி" என்று மணலில் நின்று காட்டுவார். அப்புறம் நீங்கள் வரையும் எந்த உடம்பிலும் அந்தக் கனம் இருக்கும். நேர்காணலுக்குப் போகும்போது முடிந்த சுவரின் போட்டோவை மட்டும் கொண்டுபோகாமல், முதல் ஸ்கெட்ச், அதை மக்கள் அடித்துத் திருத்திய தாள், இரண்டாவது ஸ்கெட்ச், இவற்றையும் கொண்டுபோங்கள். உங்களால் கேட்க முடியும், மாற்ற முடியும் என்பது அந்தத் தாள்களில்தான் தெரியும்.

முடிந்த அன்று பொங்கலோ சுண்டலோ வைத்து எல்லாரும் சேர்ந்து சாப்பிடுங்கள், செலவில் அதையும் எழுதிவையுங்கள். மிச்சப் பெயிண்டை ஹார்லிக்ஸ் பாட்டில்களில் ஊற்றி, மேலே ஷேட் எண்ணை எழுதி, கழுவிய இரண்டு பிரஷோடு அந்தத் தெருவில் யார் வீட்டிலாவது கொடுத்துவிட்டு வாருங்கள். ஒரு வருடத்தில் எங்காவது பொரியும், யாராவது சின்னப் பிள்ளை எண் 4 தீர்ந்துபோச்சு என்று போன் பண்ணும். அப்போது நேரில் போங்கள்.